சட்டைப் பையில் வந்த ரத்தம்

எங்கள் லேபில் அவரை எல்லோரும் ஐஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கலெக்‌ஷன் சென்டர்களில் எடுக்கிற ரத்தத்தை டியூப் டியூபாக வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பைக்கில் லேபுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. என் வேலையும் அதுதான். பதினாறு வருடத்தில் அடுத்தவர் ரத்தத்தை ஒருநாளும் அவர் சூடேற விட்டதில்லை. சிக்னலில் நின்றால்கூடக் கை பின்னால் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கும்.

"என்னய்யா, பிள்ளைக்கு ஜுரமா?" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

அப்படிப்பட்ட மனுஷன் தன் ரத்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் வெயிலில் சுற்றினார்.

ஒரு நாள் கேன்டீனில் டீ குடிக்கும்போது அவர் இடது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. பத்து நிமிடம் அந்தக் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. வேறொருவர் என்றால் உதறிவிட்டுப் போயிருப்பார். இவரால் முடியவில்லை. இவருடைய அண்ணன் நாற்பத்து நான்கு வயதில் பக்கவாதம் வந்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தவர். இவருக்கு இப்போது நாற்பத்து மூன்று.

டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்டுகளில் ஒன்று ஹோமோசிஸ்டீன். ரத்தம் எடுத்த அன்று பெட்டி நிறைந்திருந்தது. நம்ம ரத்தம்தானே, ஓரமாக வரட்டும் என்று பையில் செருகிக்கொண்டார். ரிசல்ட் முப்பத்தெட்டு. பதினைந்துக்குள் இருக்க வேண்டும்.

வீட்டில் ரிசல்ட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. கைக்கு வாயுப் பிடிப்பு என்று சொல்லிவைத்தார். பெட்டியைத் தொட்ட கை இப்போது இடது கையையே தொட்டுத் தொட்டுப் பார்த்தது. விரல்களை மடக்குவார், நீட்டுவார். நான் பார்த்தால் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார். படிக்கட்டில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்றார்.

கடைசியில் லேப் மேடத்திடம் போய் நின்றார். நானும் கூட இருந்தேன்.

"மேடம், ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்த டியூபை ஐஸ்ல வைக்கல. மூணு மணி நேரம் பாக்கெட்லயே கிடந்துச்சு."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "தப்பு பண்ணினேன்னு இவ்வளவு சந்தோஷமா சொல்ற ஆளை இப்பதான்யா பாக்குறேன்."

"அதனால ஏறியிருக்குமில்ல மேடம்?"

"ஏறும். எடுத்த பிறகும் ரத்த அணு சும்மா இருக்காது. ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் ஐஸ். ஆனா மூணு மணி நேரத்துல இவ்வளவு ஏறாதே."

சந்தோஷம் அப்படியே வடிந்தது. அது ஏறினால்தான் என்ன என்று நான் கேட்டேன். மேடம் நிதானமாகச் சொன்னார்.

"நாம சாப்பிடுற புரதத்துல இருந்து உண்டாகுற பொருள் அது. பி12, ஃபோலிக் ஆசிட் போதுமான அளவு இருந்தா உடம்பே மாத்திடும். இல்லைன்னா தேங்கும். ரத்தக்குழாயோட உள்சுவரைக் கெடுக்கும். டிஎன்ஏ மேல மெத்தில்னு சின்னச் சின்ன அடையாளம் ஒட்டியிருக்கும். எந்த ஜீன் வேலை செய்யணும், எது அடங்கி இருக்கணும்னு அதை வச்சுத்தான். இது தேங்கினா ஒட்டுற வேலை குழம்பிப் போய், அடங்கி இருக்க வேண்டியது கிளம்பிடும்ங்கிறாங்க. இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு."

"அப்ப எனக்குத் தெரியாமலே உள்ள ஒருத்தன் வேலை பாக்குறானா?" என்றார் ஐஸ்.

மறுநாள் வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை பெட்டி என் பைக்கில். நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கண்ணாடியில் பார்க்கிறேன், தன் பைக்கில் பின்னாலேயே வருகிறார். நான் திரும்பினால் அவரும் திரும்பினார். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததற்கு, "மெதுவாய்யா, மெதுவா!" என்று நடுத்தெருவில் கத்தினார்.

வந்தது இருபத்தேழு. பையில் கிடந்ததால் ஏறியது போக, மிச்சமெல்லாம் அவருடையதேதான்.

டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். பி12 ரொம்பக் குறைவு, ஊசி போட்டால் இந்த நம்பர் இறங்கும் என்றார் டாக்டர்.

"அப்ப தப்பிச்சுக்குவேனா சார்?"

"நம்பர் இறங்கும்னுதான் சொன்னேன். குழாய்ல ஏற்கெனவே என்ன ஆகியிருக்குன்னு ஸ்கேன் பண்ணிப் பாக்கணும். கை பத்து நிமிஷம் சொன்னபடி கேக்கலையே, அதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் எழுதுறேன், அதை ஒரு நாள்கூட விடக் கூடாது." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "அண்ணனுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரே பொண்ணு. இருபத்து மூணு வயசு."

"சில குடும்பங்கள்ல இது கூடவே வரும். அந்தப் பொண்ணுக்கும் பாத்துடுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணிக்குச் சொன்னால் அரை மணி நேரத்தில் வீட்டுக்கும் தெரிந்துவிடும். அது அவருக்கும் தெரியும். வியர்வையில் போன் வழுக்கியது. அவரே நம்பரை அழுத்தினார்.

"சொல்லுங்க தம்பி." பக்கத்தில் இருந்த எனக்கும் அண்ணியின் குரல் கேட்டது.

தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"உங்க அண்ணனுக்கும் இது இருந்துச்சா தம்பி?"

"பாக்கல அண்ணி. யாருமே பாக்கச் சொல்லல."

அந்தம்மா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு குரல் தெளிவாக வந்தது.

"நாளைக்குக் காலைலயே அவளைக் கூட்டிட்டு வந்துடறேன். சாப்பிடாம வரணுமா?"

"ஆமா அண்ணி," என்றார். "வெறும் வயித்துல."