பீர் ஆலையில் நான் விழுங்கிய வாக்கியம்

1. குடிக்காத வழிகாட்டி

ஜெர்மனியின் ஹனோவரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பீர் ஆலைகளைச் சுற்றிக் காட்டுவது. ஒரு வாய் பீர்கூடக் குடித்ததில்லை என்பதை நேர்முகத் தேர்விலேயே சொல்லிவிட்டேன்.

அது அறுபதுகளின் கடைசி. என் கணவர் அங்கே ஓர் உலோக ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளர். நான் திருச்சியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். வந்த முதல் வருடம் முழுக்க மாலை வகுப்பில் ஜெர்மன் கற்றேன். அந்த வகுப்பின் அறிவிப்புப் பலகையில்தான் ஒரு சீட்டைப் பார்த்தேன். ஆங்கிலமும் ஜெர்மனும் தெரிந்த வழிகாட்டி வேண்டும், சிறு குழுக்கள், பேருந்துப் பயணம் என்று எழுதியிருந்தது. எதைச் சுற்றிக் காட்டுவது என்று எழுதவில்லை.

கம்பெனியின் முதலாளி ஃப்ராவ் பிரிங்க்மன், ஐம்பது வயது விதவை. அங்கே திருமதிக்கு ஃப்ராவ், திருவுக்கு ஹெர். பதினான்கு பேர் உட்காரக்கூடிய சிறிய பஸ்கள் இரண்டு வைத்திருந்தார். நான் குடிக்கமாட்டேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுக்கு முன்னாடி குடிக்கிற கைடு மூணு பேரை வச்சுப் பார்த்தாச்சு. மூணாவது ஆலைக்குப் போறதுக்குள்ள கெஸ்ட்டுங்கதான் அவங்களைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாங்க. நீங்க நாளைக்கே வாங்க."

"புடவை கட்டலாமா?" என்று கேட்டேன்.

"கட்டுங்க. கூட்டத்துல உங்களைத் தேட வேண்டியிருக்காது."

அப்படித்தான் கம்பளிக் கோட்டுக்குக் கீழே புடவைக் கொசுவம் தெரிய, கையில் ஒரு சிவப்புக் கொடியோடு ஏழு வருடம் பீர் ஆலைகளில் ஏறி இறங்கினேன்.

2. ஹெர் வீகாண்ட்

வசந்த காலத்தில் ஹனோவரில் பெரிய தொழில் கண்காட்சி நடக்கும். உலகம் முழுக்க இருந்து வியாபாரிகள் வருவார்கள். கண்காட்சி அலுத்தவர்களை மதியம் ஏற்றிக்கொண்டு மூன்று ஆலைகளுக்குப் போவோம். பஸ் ஓட்டியவர் ஹெர் ஷூல்ட்ஸ். நல்ல உயரம், அதற்கேற்ற பருமன், பேச்சு மட்டும் குறைவு. வண்டி ஓட்டும் நாளில் ஒரு சொட்டும் தொடமாட்டார். ஆனால் வாசனைக்காகவே எங்களோடு ஆலைக்குள் வருவார்.

கடைசியாகப் போகும் ஆலை சிறியது, ஊருக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் இருந்தது. அங்கே தலைமைப் பீர் வடிப்பாளர் ஹெர் வீகாண்ட். வேலையில் இவ்வளவு மரியாதை வைத்திருந்த வேறொரு மனிதரை நான் பார்த்ததில்லை. நொதிக்கும் தொட்டியின் மேல் குனிந்து நுரையின் சத்தத்தைக் கேட்டே எத்தனையாவது நாள் என்று சொல்லிவிடுவார். சொன்ன பிறகு வெப்பமானியை விட்டுப் பார்ப்பார். நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். தன் காதைத் தானே நம்பாத நிபுணர்.

முதல் நாள் எனக்குப் புரியட்டும் என்று ஒரு கைப்பிடி பார்லியைக் கொடுத்து மெல்லச் சொன்னார். முளைகட்டி, உலர்த்தி, லேசாக வறுத்தது. எங்கள் வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைப்பார்களே, அதே இனிப்பு. அதைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ பாதி வேலை உங்க வீட்டிலயே நடக்குது. மீதிப் பாதிதான் இங்க" என்றார். அன்றிலிருந்து மற்றவர்களுக்கு பீர் வரும்போது எனக்கு மட்டும் நொதிக்காத சூடான பார்லிச் சாறு ஒரு கண்ணாடி டம்ளரில் வரும்.

சுற்றுலாவின் கடைசி இடம் நொதி அறை. உள்ளே மேடை போட்ட நடைபாதை, இருபுறமும் நுரை பொங்கும் திறந்த தொட்டிகள். நடைபாதை முடியும் இடத்தில் எட்டுப் படி இறங்கினால் ஒரு குழி. அதில்தான் பம்ப் இருந்தது. படிக்குக் குறுக்கே ஒரு சங்கிலி. ஒவ்வொரு குழுவுக்கும் ஹெர் வீகாண்ட் ஒரு நீளக் கம்பியின் நுனியில் மெழுகுவர்த்தியைப் பொருத்தி, ஏற்றி, சங்கிலிக்கு மேலாகக் குழிக்குள் இறக்குவார். நான்காவது படியருகே சுடர் அணைந்துவிடும்.

பிறகு ஜெர்மனில் சொல்வார்: "நொதிக்கும்போது கரியமில வாயு வருது. அது காத்தை விடக் கனம். பள்ளத்துல போய்த் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. மெழுகுவர்த்தி அணையற இடத்துல மனுஷனும் அணைஞ்சுடுவான். சங்கிலியைத் தாண்டாதீங்க."

முதல் சில மாதங்கள் இதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அது வரும் நேரத்துக்குள் விருந்தினர்கள் இரண்டு ஆலைகளில் குடித்திருப்பார்கள். கொட்டாவி விடுவார்கள். அடுத்த அறையில் காத்திருக்கும் டம்ளர்களை எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் விளையாட்டாக, "இப்போது நம் மாஸ்டர் ஒரு மேஜிக் காட்டப்போகிறார்" என்றேன். சுடர் அணைந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதன்பின் தினமும் அதையே சொன்னேன். அவர் சொன்ன ஆறு வாக்கியங்களையும் விழுங்கிவிட்டேன். ஹெர் வீகாண்டுக்கு ஆங்கிலம் தெரியாது. கைதட்டலுக்கு அவர் தலையை ஆட்டுவார், புரிந்துகொண்டார்கள் என்ற திருப்தியோடு.

3. கோயம்புத்தூர்க்காரர்

மூன்றாம் வருடக் கண்காட்சியின்போது ஒருநாள் பஸ் படியில் ஏறிய ஒருவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சாம்பல் நிற சூட், நெற்றியில் மெல்லிய திருநீறு.

"அம்மணி, நீங்க தமிழுங்களா?"

பெயர் ரங்கசாமி. கோயம்புத்தூரில் பம்ப் செட் தயாரிப்பவர். புது மோட்டார் பார்க்கக் கண்காட்சிக்கு வந்தவர். அவரும் குடிப்பதில்லை. "இவ்வளவு தண்ணியை இங்கயிருந்து அங்க எப்படி ஏத்தறாங்கன்னு பாக்கத்தானுங்க வந்தேன்" என்றார். பதினோரு நாளாகத் தமிழ் பேசாத மனிதர் அவர். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். எனக்கும் ஊர்ப் பேச்சு இனித்தது.

நொதி அறையில் வழக்கம்போல் மேஜிக் என்றேன். சுடர் அணைந்தது, கைதட்டினார்கள். குழுவை அடுத்த அறைக்கு நகர்த்தினேன். ஷூல்ட்ஸ் வழக்கப்படி தலைகளை எண்ணினார்.

"பன்னெண்டுதான் இருக்கு. பதிமூணு பேர் வந்தாங்க" என்றார்.

அப்போதுதான் பின்னால் ஏதோ உலோகத்தில் மோதும் சத்தம் கேட்டது.

ஓடினேன். ரங்கசாமி சங்கிலிக்கு அடியில் குனிந்து இறங்கியிருக்கிறார், பம்பைப் பக்கத்தில் பார்க்க. குழியின் அடியில் பம்ப்பின் மேல் தலை சாய்ந்து கிடந்தார். ஒரு ஷூ படியில் கழன்று கிடந்தது. எட்டே படிதான். கூப்பிடு தூரம்கூட இல்லை. "சார்!" என்று கத்திக்கொண்டே சங்கிலியைத் தூக்கினேன்.

என் மேல்கையை யாரோ இரும்புப் பிடியாகப் பிடித்தார்கள். ஹெர் வீகாண்ட்.

"விடுங்க! அவர் செத்துடுவார்!"

"நீங்களும் செத்துடுவீங்க. ஒருத்தரைத்தான் என்னால தூக்க முடியும்."

அவர் குரல் உயரவே இல்லை. என்னைச் சுவரோடு நிறுத்தினார். சுவரில் இருந்த விசையைத் திருப்பினார்; குழியின் விசிறி உறுமத் தொடங்கியது. பக்கத்துப் பெட்டியைத் திறந்து, நீளக் குழாய் பொருத்திய முகமூடியை எடுத்து மாட்டினார். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு. கயிற்றின் மறுமுனையை ஷூல்ட்ஸ் சொல்லாமலே தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கம்பித் தூணில் காலை ஊன்றினார். நான் மூச்சு விடுவதற்குள் இதெல்லாம் முடிந்திருந்தது. ஒரு அசைவுகூட வீணாகவில்லை.

வீகாண்ட் இறங்கினார். குனிந்து ரங்கசாமியின் அக்குளில் கைகொடுத்தார். ஷூல்ட்ஸ் இழுத்தார். அந்தப் பெரிய உடம்பு எதற்கு என்று அன்று தெரிந்தது. இருவரையும் ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்தார்.

முற்றத்தில் கல்தரையில் கிடத்தினார்கள். முகம் நீலம் பாரித்திருந்தது. நெற்றியில் திருநீறு இருந்த இடத்தில் ரத்தம். வீகாண்ட் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, மண்டியிட்டு, வாயோடு வாய் வைத்து ஊதினார். நான் எண்ணவில்லை. ஷூல்ட்ஸ் ஜெர்மனில் உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு என்றபோது ரங்கசாமி இருமினார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு ஹெர் வீகாண்ட் ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். எறிந்த முகமூடியை எடுத்து மடியில் வைத்துத் துடைத்தார்.

"அந்த மாஸ்க்கை வாரா வாரம் திங்கட்கிழமை எடுத்து மாட்டிப் பாப்பேன். பசங்க சிரிப்பாங்க" என்றார். அதன் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "நிஜமா மாட்டினது இது ரெண்டாவது தடவை. மொதல் தடவை லேட்டாயிடுச்சு" என்றார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் சொன்னேனே, ஃப்ராவ் நடராஜன். அவருக்குப் புரியலையா?"

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு அது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கேட்டிருந்தவர்கள் எல்லாம் குடித்திருந்தார்கள்.

"நான் சொல்லலை" என்றேன். மேஜிக் விஷயத்தையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "அப்போ அவங்க கைதட்டினது அதுக்குத்தானா" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

4. ஆஸ்பத்திரியில்

மறுநாள் காலை ஃப்ராவ் பிரிங்க்மன் என்னை எதிரே உட்காரவைத்தார். வீகாண்ட் ஜெர்மனில் சொல்வதை முதலில் சொல்லச் சொன்னார். பிறகு நான் ஆங்கிலத்தில் சொன்னதைச் சொல்லச் சொன்னார். இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். முதலாவது ஆறு வரி. இரண்டாவது ஒரு வரி. தாளை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"உங்களை வேலையை விட்டு அனுப்பலாம்னு ராத்திரி நினைச்சேன். வீகாண்ட் போன் பண்ணார். தானா ஒத்துக்கிட்ட ஆளை அனுப்பிட்டு, ஒத்துக்காத ஆளை வச்சுக்கப் போறீங்களான்னு கேட்டார். அதனால நீங்க இருங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ரங்கசாமியின் நெற்றியில் ஏழு தையல். தலைக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். ரொட்டியும் ஜாமும் தொடப்படாமல் இருந்தன. நான் கொண்டுபோன ரசம் சாதத்தைச் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வாயு, கனம், பள்ளம், எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

அவர் கையில் எடுத்த டம்ளர் அப்படியே நின்றது.

"கெணத்துக் காத்துங்களா?"

"என்ன சார்?"

"எங்க பக்கம் அறுவது எழுவது அடி கெணறுங்க. ரொம்ப நாளா மூடிக் கெடந்த கெணத்துல பம்ப் எறக்கப் போனா, மொதல்ல லாந்தரைக் கயித்துல கட்டித்தானுங்க உடுவோம். லாந்தர் அணைஞ்சா ஆளு எறங்கப்படாது. என்ற கம்பெனி ஃபிட்டர் ஒருத்தரே அப்படிப் போய்ட்டாருங்க. அவரைத் தூக்க எறங்கின தம்பியும் போய்ட்டாரு." டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த மெழுகுவத்தியை நானும் பாத்தனுங்க, அம்மணி. நீங்க வித்தைன்னு சொன்னீங்க. சரி, வித்தைதானாட்ருக்குதுன்னு நெனச்சுட்டேன். கெணத்துக் காத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அந்தச் சங்கிலிகிட்டயே வந்திருக்க மாட்டனுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு இயந்திரத்தில் பழுது எங்கே என்று இன்னொரு தொழிலாளிக்கு விளக்குவதுபோல்தான் சொன்னார். நான் கிளம்பும்போது, தன்னைத் தூக்கிய இரண்டு பேரின் பெயர்களையும் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஊருக்குப் போனதும் கோயிலில் அந்தப் பெயர்களுக்கு அர்ச்சனை செய்யவேண்டுமாம். நட்சத்திரம் தெரியாதே என்று கவலைப்பட்டார்.

5. அதற்குப் பிறகு

சங்கிலி இருந்த இடத்தில் ஆலை பூட்டுப் போட்ட இரும்புக் கதவு வைத்தது. ஹெர் வீகாண்ட் தன் பங்குக்கு, இரண்டு வாரம் தினமும் காலை ஆறு மணிக்கு என்னை வரச்சொல்லி, பார்லி மூட்டை இறங்குவது முதல் பீப்பாய் ஏறுவது வரை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். முகமூடியையும் மாட்டப் பழக்கினார். புடவையோடு பெல்ட் கட்டுவது எப்படி என்று அவரும் ஷூல்ட்ஸும் தீவிரமாக விவாதித்தது எனக்கு இன்னும் சிரிப்பு.

நான் செய்த மாற்றம் ஒன்றுதான். பஸ் கிளம்பியதும் பெயர் கேட்பதற்கு முன்னால், "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கத் தொடங்கினேன். விவசாயி என்றால் தீவனம் சேமிக்கும் குதிர் பற்றிச் சொல்வேன், கப்பல்காரர் என்றால் கப்பலின் அடித்தளம். அவரவர் தொழிலில் இந்த வாயு அவர்களுக்கு ஏற்கெனவே அறிமுகம். அங்கே அதற்கு வேறு பெயர், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாவிட்டால் ஆறு வரியையும் சொல்வேன், கொட்டாவி விட்டாலும்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. இரண்டு மொழிக்கு நடுவே நிற்பவருக்கு எந்த வாக்கியம் தேவையில்லை என்று முடிவு செய்யும் உரிமை கிடையாது. சொன்னால் மட்டும் போதாது. கேட்பவர் தன் வாழ்க்கையில் எதைப் பார்த்துப் பயந்திருக்கிறாரோ அதன் பெயரில் சொல்ல வேண்டும்.

என் கடைசி வருடத்தில் வேல்ஸிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். ஜாலியான மனிதர், பஸ் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். நொதி அறையில் சுடர் அணைந்ததும் அவர் பக்கம் திரும்பி, "உங்கள் சுரங்கத்தில் விளக்கை அணைக்கும் காற்று, அதேதான் இது" என்றேன்.

இறந்தவர்களுக்கு மரியாதை செய்வதுபோல் அவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொரு கையால் மனைவியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்ப ஏறும்வரை அந்தக் கையை அவர் விடவேயில்லை.