சவால் சொல்லாத ஹெட்லி

பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே ஹெட்லி கிரிம்ஷா என்னை நிமிர்ந்து பார்ப்பார். "இப்ப நீ பண்றியே, அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. குரோக். அடுத்தவன் தின்னுறப்போ நமக்கும் ஒரு துண்டு கிடைக்காதான்னு அவன் வாயையே பார்த்துக்கிட்டு நிக்கிறது." சொல்லி முடிப்பதற்குள் பிஸ்கட் முடிந்திருக்கும். மனிதர் ஒருநாளும் டப்பாவை நம் பக்கம் நகர்த்தியதில்லை.

வியாழக்கிழமை மாலைகளில், மெதடிஸ்ட் தேவாலயத்துக் கூடத்தில் எழுத்து வில்லைகளை அடுக்கி ஆங்கில வார்த்தை கோக்கும் எங்கள் ஸ்கிராபிள் சங்கம் கூடும். கணப்பு வேலை செய்யாது; எல்லோரும் கோட்டோடுதான் ஆடுவோம். எங்களில் பலருக்கு வார்த்தைகள் தெரியும், பொருள் தெரியாது. 'ஸாக்ஸ்' என்று எழுத்து வில்லைகளை அடுக்குவோம், புள்ளியை எண்ணுவோம், வாயை மூடிக்கொள்வோம். அது கூரைக்குப் போடும் பலகைக்கல்லை வெட்டுகிற கருவி என்று தெரிந்து எங்களுக்கு ஆகப்போவது என்ன? ஹெட்லிக்கு இது பொறுக்காது. "கிளிப்பிள்ளைங்க! சோறு எதுல பண்றாங்கன்னு தெரியாமலே தின்னுற கூட்டம்!" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்வார்.

பிழைப்புக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். அங்கேயும் இதே கதைதான். போன வசந்தத்தில் கால்வாய்ப் பாலத்தின்மேல் ஒரு பெண் நடுங்கிக்கொண்டே ஓட்ட, இவர் கீழே கைகாட்டி, "அதோ நிக்கிறாங்க பாரு, அவங்களுக்குப் பேரு கான்கூஸ்லர். வேலைவெட்டி இல்லாம படகு போறதை வேடிக்கை பார்க்கிறவங்க" என்றிருக்கிறார். அவளும் பார்த்தாள். பக்கக் கண்ணாடி பாலத்துச் சுவரோடு போயிற்று. கான்கூஸ்லர்கள் கைதட்டினார்களாம்.

இவ்வளவு தெரிந்தவர் இன்னும் சங்கத்தின் முதல் மேசைக்கு, அதாவது சிறந்த ஆட்டக்காரர் இடத்துக்கு, வராததற்குக் காரணம், அவர் சவால் சொல்லமாட்டார். எதிராளி வைத்த வார்த்தை சந்தேகமாக இருந்தால் 'சவால்' என்று சொல்லலாம். மூலையில் உள்ள கணினியில் தட்டிப் பார்ப்போம். வார்த்தை பொய் என்றால் வைத்தவர் வில்லைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும், புள்ளி கிடையாது. மெய் என்றால் சவால் சொன்னவருக்கு ஐந்து புள்ளி நட்டம். பொய் வார்த்தையை முகம் மாறாமல் வைப்பது ஆட்டத்தில் குற்றமில்லை, சாமர்த்தியம். ஆனால் சவால் சொன்னால் அந்த வார்த்தை தனக்குத் தெரியாது என்று நாலு பேருக்கு நடுவில் ஒத்துக்கொண்டதாகிவிடுமே! ஹெட்லிக்கு அது உயிர் போகிற காரியம்.

சுவர் பூசும் டெஸ்மண்ட் இதை முதலில் கண்டுபிடித்தான். வாய்க்கு வந்ததை அடுக்கிவிட்டு, "இதுக்கு என்ன அர்த்தம் ஹெட்லி?" என்று அப்பாவி மாதிரி கேட்பான். ஹெட்லி ஒரு நொடி கூரையைப் பார்ப்பார். "ஸ்காட்லாந்து பக்கத்து வார்த்தை. ஆட்டுக் குளம்பைச் சுரண்டுற கத்தி." பொய் வார்த்தைகள் எல்லாமே ஸ்காட்லாந்தில்தான் இருந்தன. பாதி ஆட்டுக் கொட்டகையில். டெஸ்மண்ட் இருமுகிற சாக்கில் வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வருவான். நாங்களும் அந்த வழியில் நிறையப் புள்ளிகள் சம்பாதித்தோம். வெட்கம் என்று பெரிதாக எதுவும் எங்களுக்கு இல்லை.

இந்தக் குளிர்காலத்தில் அவர் மனைவி மேவிஸும் சங்கத்தில் சேர்ந்தாள். கணவனின் அகராதியைக் காலை உணவோடு தின்றே பழகியவள் என்பதால் மளமளவென்று ஜெயித்தாள். பக்கத்து ஊரோடு நடக்கும் போட்டியில் முதல் மேசையில் உட்காரப்போவது யார் என்று தீர்மானிக்கும் ஆட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். ஹெட்லி பல வருடமாக ஏங்கிய நாற்காலி அது. அதற்கென்றே புதுக் கோட்டு வாங்கிவிட்டார்.

ஆட்டத்துக்கு முன் கோப்பை கழுவும் இடத்தில் மேவிஸ் என்னிடம், "இன்னிக்கு நான் ஒரு பொய் வார்த்தை வைக்கப்போறேன்" என்றாள்.

"ஜெயிக்கவா?"

"நாற்காலி அவனுக்கே போகட்டும், எனக்கெதுக்கு? அவன் சவால் சொன்னா அவன்தான் ஜெயிப்பான். அவன் வாயால ஒருதடவை 'எனக்குத் தெரியல'ன்னு கேட்கணும் கண்ணு, அவ்வளவுதான். எங்கம்மா செத்த அன்னிக்குக்கூட அழுகைக்கு ஒரு வார்த்தை சொன்னான். நான் கைக்குட்டைக்குக் கையை நீட்டிக்கிட்டு இருந்தேன்."

கடைசி நேரம் வரை ஹெட்லிதான் முன்னால் இருந்தார். அப்போது மேவிஸ் ஏழு வில்லைகளையும் ஒரேயடியாக வைத்தாள். ட்ரெங்கிள். ஏழும் வைத்தால் ஐம்பது புள்ளி கூடுதல். வார்த்தை நின்றுவிட்டால் அவள் எட்டமுடியாத தூரம் போய்விடுவாள். வைத்தவர் மீதி வில்லைகள் கிடக்கும் துணிப்பைக்குள் கைவிட்டுப் புது வில்லை எடுக்கும் வரைதான் எதிராளி சவால் சொல்லலாம். மேவிஸ் எடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"நல்ல வார்த்தை" என்றார் ஹெட்லி.

"உனக்குத் தெரியுமா ஹெட்லி?"

"தெரியாம? ட்ரெங்கிள். ஸ்காட்லாந்து பக்கம், செம்மறி ஆட்டுக் கழுத்துல..."

டெஸ்மண்ட் இருமவில்லை. கூடத்தில் யாருமே சிரிக்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு" என்றாள் மேவிஸ். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவருடைய காதுகள் சிவந்தன. வார்த்தை பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, மேசையருகே நின்ற எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மூலையில் இருந்த கணினியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சொல்லித் தொலையுமய்யா என்று கத்தலாம் போல எனக்குத் தொண்டை வரை வந்தது. இத்தனை நாள் அவரை ஏய்த்துப் புள்ளி வாங்கியவன் நான். அன்றைக்கு அவர் பக்கம் இருந்தேன்.

ஹெட்லி மேசை நடுவில் கிடந்த துணிப்பையை எடுத்து, சுருக்குக் கயிற்றைத் தளர்த்தி, இரண்டு கையாலும் அதன் வாயை அகல விரித்து, புது வில்லை எடுத்துக்கொள்ளச் சொல்லி மேவிஸிடம் நீட்டினார்.