இடது கை தூக்கிய வகுப்பு

பி.எட். கல்லூரியில் வகுப்பெடுக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே உளவியல் நடத்துவார்கள். முப்பது வாண்டுகளை எப்படிச் சமாளிப்பது என்பதை, பயிற்சிக்குப் போன பள்ளியின் சைக்கிள் ஸ்டாண்டில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, கூடப் படிக்கிறவர்களிடம்தான் கற்றுக்கொள்கிறோம்.

எங்கள் குழுவில் நஜ்மாதான் மூத்தவள். பூந்தமல்லிக்காரி. தன் மூத்த மகள் பத்தாவது வந்த பிறகு வேலப்பன்சாவடிக் கல்லூரியில் சேர்ந்தவள். போன வருடம் செய்முறைத் தேர்வில் அவள் கேட்ட கேள்விக்கு ஒரு பிள்ளையும் கை தூக்கவில்லை. தோற்றுப்போனாள். இந்த முறையும் போனால் படிப்பு போதும் என்று கணவர் அமீருதீன் சொல்லிவிட்டார். டீச்சராவதைத் தவிர வேறு ஆசையே இல்லை அந்த மனுஷிக்கு.

எங்கள் குழுவிலிருந்த லோகேஷ்தான் வழி சொன்னான். "இன்னாக்கா, இதுக்குப் போயி அழுதுகினு கீற? தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை தூக்கணும்னு பசங்ககிட்ட சொல்லிடு. எல்லாக் கையும் மேல நிக்கும். நீ வலது கையாப் பாத்துக் கூப்பிடு. பின்னாடி குந்திகினு கீற எக்ஸ்டர்னலுக்கு இன்னா தெரியப்போவுது?"

"தப்பில்லையாப்பா?"

"அட போக்கா! ஊரே பண்றதுதான்."

ஆவடிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, மின்சுற்றுப் பாடம். முந்தின நாளே ஒத்திகை முடிந்திருந்தது. எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பல்பு எரியணும்னா ஒயரை எங்கெங்க சேர்க்கணும்?" என்றாள் நஜ்மா. அத்தனை கைகளும் மேலே போயின. தேர்வாளர் எழுந்து, ரேஷ்மா என்ற சிறுமியைக் காட்டினார். "நீ சொல்லும்மா."

"சார், நான் இடது கை சார்."

"அதனால என்ன?"

"தெரியாதவங்கதான் சார் இடது கை. டீச்சர் சொல்லியிருக்காங்க."

போச்சுடா என்று நினைத்தேன். நஜ்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மேஜையை விட்டு வகுப்புக்கு முன்னால் வந்தாள்.

"எல்லாரும் கையைக் கீழ போடுங்க. தெரியாதவங்க மட்டும் தூக்குங்க. எந்தக் கையா இருந்தாலும் சரி. நான் திட்ட மாட்டேன்."

ரேஷ்மா தூக்கினாள். அப்புறம் அவள் பெஞ்சு. அப்புறம் மொத்த வகுப்பும். ஒத்திகையில் பதிலைக் கடகடவென்று ஒப்பித்த பையனும் தூக்கினான்.

நஜ்மா சார்ட்டைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். மேஜையில் காட்டுவதற்காகக் கொண்டுவந்த பேட்டரி, ஒயர், பல்பு எல்லாவற்றையும் பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்தாள். "நீங்களே எரிய வைங்க." ஒரே சத்தம், சண்டை. ரேஷ்மாவின் பல்பு எரிந்ததும் வகுப்பே அங்கே ஓடியது. மணி அடித்தபோது பாடம் பாதியில் நின்றது.

"இடது கை வித்தை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று தேர்வாளர் நஜ்மாவைக் கேட்டார்.

"நானாத்தான் சார்."

"பொய். நான் படிச்ச காலத்துலேயே இருந்தது. ஆனா தெரியாதுன்னு தைரியமா பசங்க கை தூக்கி இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

பாடத்தை முடிக்காததற்கு மதிப்பெண்ணைக் குறைத்தார். மிச்சமிருந்ததே தேர்வில் தேறப் போதுமானதாக இருந்தது. நஜ்மா இப்போது வானகரத்தில் அறிவியல் டீச்சர்.

லோகேஷுக்கும் வேலை கிடைத்தது. முதல் வகுப்புக்கு முன்னால் அவளுக்குப் போன் போட்டான். நான் நஜ்மாவின் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அக்கா, பசங்க கேக்குறது எனக்கே தெரியலேன்னா இன்னா பண்றது?"

"நீயும் கையைத் தூக்குப்பா," என்றாள் நஜ்மா.