உள்பக்கம் திரும்பிய கடிகாரம்

பாலை அடுப்பில் வைத்த கையோடு அக்கா தன் கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகுதான் எனக்குக் கம்பிக் கதவைத் திறந்தார். நாற்காலியில் கிடந்த கையுறைகளை அள்ளி அப்புறப்படுத்தி உட்காரச் சொன்னார். இரண்டு மாடி ஏறியதற்கே எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சிரித்தார். பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் சட்டென்று எழுந்து உள்ளே போனார். பால் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்புக்கு வந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பழையபடி வெளிப்பக்கம் திருப்பினார்.

"வாட்ச் உள்ள இருந்தா ஏதோ ஒண்ணு பாக்கி இருக்குன்னு அர்த்தம்" என்று எனக்கு விளக்கம் சொன்னவர் அவருடைய நாத்தனார். "குழாயைத் திறந்து வச்சா திருப்புவாங்க. பக்கத்து வீட்ல ஏணி வாங்கினா திருப்புவாங்க. ஒரு தடவை நாலு நாள் உள்ளயே இருந்துச்சு. என்னன்னு பாத்தா, எங்க அண்ணன்கிட்ட மன்னிப்பு கேக்கணுமாம். கேக்க மனசு வரலையாம்."

நான் மூன்றாம் மாடி, அவர்கள் ஐந்தாம் மாடி. நான் குடிவந்த புதிதில் அக்கா என்ன தொழில் செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆள் உயரத்துக்கு ஒரு பை. அதை நாத்தனார் தூக்கிக்கொண்டு முன்னே நடப்பார், அக்கா பின்னே நடப்பார். வாரக்கணக்கில் இருவரும் காணாமல் போவார்கள். திரும்பி வரும்போது அக்காவின் முகமும் வலது கையும் வெயிலில் கறுத்திருக்கும், இடது கை மட்டும் வெளுப்பாக இருக்கும். ஏதோ பெரிய இசைக்கருவி வாசிக்கிறவர் என்று முதல் மாடியில் ஒரு பேச்சு இருந்தது. நானும் அதை நம்பி, வீட்டுக்கு வந்த விருந்தாளி இருவரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். ஒரு கைக்கு மட்டும் உறை போட்டு கோல்ஃப் ஆடுகிறவர், அதையே தொழிலாகக் கொண்டவர் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு பந்தைக் கண்காணாத தூரத்துக்கு அடித்துவிட்டு, அதன் பின்னாலேயே போய் மறுபடியும் அடிப்பதற்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று அவரிடமே கேட்டேன். வாய்த்துடுக்கு எனக்கு எப்போதும் உண்டு.

"சம்பளமா? நல்லா ஆடினா காசு, இல்லன்னா போன செலவு நம்ம தலையில" என்றார் அக்கா. "உங்க எழுத்து வேலை மாதிரிதான்."

அக்காவின் அம்மா ஒரு கோல்ஃப் கிளப்பின் சலவை அறையில் வேலை பார்த்தவர். பள்ளி விட்டதும் மகள் அங்கே வந்து துண்டு மடிப்பாள். யாரோ விட்டுப்போன மட்டை ஒன்று கேட்பாரற்று மூலையில் கிடந்தது. சுருட்டிய காலுறைதான் முதல் பந்து. அழுக்குக் கூடைதான் முதல் குழி. தூரமாக அடிப்பதற்குத் தோளும் இடுப்பும் போதும், ஆனால் பந்தை மெல்லத் தூக்கி, நினைத்த இடத்தில் பொத்தென்று உட்காரவைப்பதற்குத் தனிக் கை வேண்டும். அந்தக் கை அக்காவுக்குச் சலவை அறையில் வந்தது.

தொழிலில் இறங்கிய முதல் வருடம் மகா கேவலம். வியாழக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிகிற போட்டிகளில், முதல் இரண்டு நாள் ஆட்டத்தைப் பார்த்துப் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வருடம் முழுக்க அக்கா அந்தப் பாதியில்தான் இருந்தார். 'வெள்ளிக்கிழமை அக்கா' என்று சக ஆட்டக்காரிகள் பெயர் வைத்தார்கள். அதில் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் அவருடைய கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கல்யாணமான புதிது, மனைவி வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவது அவருக்கு வரமாக இருந்திருக்கிறது.

இரண்டாம் வருடம் ஒரு குழியில் அடித்த முதல் அடியிலேயே பந்து நேராக உள்ளே போய் விழுந்தது. அதற்குப் பரிசு ஒரு கார். அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. கணவருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே வியர்க்கும். பரீட்சையில் தவறி வீட்டில் சும்மா இருந்த நாத்தனார் ஓட்டக் கற்றுக்கொண்டார். போட்டிக்குப் போட்டி அண்ணியைக் கொண்டுபோய் விட்டார், காத்திருந்த நேரத்தில் பையைத் தூக்கினார், இருபத்து மூன்று வருடமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார். இப்படிப் பை தூக்கி யோசனையும் சொல்கிறவரை கேடி என்பார்கள். "அந்தப் பேரை மட்டும் எழுதாதீங்க. போலீஸ் தேடற ஆள் மாதிரி இருக்கு" என்பது நாத்தனாரின் வேண்டுகோள். மன்னிக்கவும், எழுதிவிட்டேன்.

பிறகு வெற்றிகள் வந்தன. முதல் கோப்பை, குடை பறந்த ஒரு மழைநாளில். அது இன்றைக்கு அவர்கள் வீட்டுப் பால்கனியில் துணி மாட்டும் கிளிப்புகளைப் போட்டு வைக்கும் பாத்திரம். அடுத்தது வாசல் பக்கம் சாவிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டில் வாங்கிய அகலமான வெள்ளிக் கிண்ணத்தில் கணவர் புதினா வளர்க்கிறார். பதினோரு கோப்பைக்கும் ஏதோ ஒரு பிழைப்பு உண்டு, சும்மா நிற்பது ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஃப்ரிட்ஜின் மேல் ஒரு இடம் காலியாக இருக்கிறது. நான் ஒரு நாள் மறதியாக அங்கே ரொட்டிப் பொட்டலத்தை வைத்துவிட்டு நாத்தனாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அது பெரிய கப்புக்கு" என்றார்.

பெரிய கப் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் கனவு காண்கிற ஒரே போட்டி. அக்கா ஒரு முறை அது கைக்கு எட்டும் நேரத்தில் நழுவவிட்டார். அந்தக் கதைக்கு ஒரு நாணயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழியைச் சுற்றி வழவழவென்று இருக்கும் புல்தரையில் என் பந்து உங்கள் பாதையை மறித்தால், நான் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நாணயத்தை வைப்பேன். நாணயமும் மறிக்கிறது என்று நீங்கள் சொன்னால், மட்டையின் தலை அகலத்துக்கு அதைப் பக்கவாட்டில் நகர்த்துவேன். நீங்கள் ஆடி முடித்ததும் நாணயத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே பந்தை வைத்து ஆடவேண்டும். மறந்துபோய் நகர்த்திய இடத்திலிருந்தே ஆடினால் இரண்டு அடி தண்டம். குறைவான அடியில் முடித்தவருக்கே வெற்றி என்பதால் இரண்டு அடி என்பது தலையில் விழும் இடி.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், பெரிய போட்டியின் கடைசிக் குழியில், ஒரே ஒரு அடி முன்னிலையில் இருந்தபோது அக்கா மறந்தார். பந்து உள்ளே விழுந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. கோப்பையை மேசையோடு தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். குழிக்குள்ளிருந்து பந்தை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நடுவரிடம் போய்ச் சொன்னார். யாரும் கவனித்திருக்கவில்லை, நாத்தனார்கூட. ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றார்.

"யாருமே பாக்காததை எதுக்கு அண்ணி போய் சொன்னீங்க?" என்று காரில் கேட்டாராம் நாத்தனார்.

"நான் பாத்தேனே."

அதற்குப் பிறகு நாத்தனார் வீடு வரைக்கும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு மாதம் பேசவில்லை. பையை மட்டும் தூக்கினார்.

அக்கா இதைத் தியாகக் கதையாகச் சொல்வதே இல்லை. "மறந்துட்டேங்க. மறந்ததுல என்ன பெருமை?" என்று எரிச்சல்தான் படுகிறார். நாணயம் நகர்ந்தால் கடிகாரத்தைத் திருப்பும் பழக்கம் மறுநாளே ஆரம்பித்தது. அங்கிருந்து அடுப்புக்கும் குழாய்க்கும் பரவியது. தன் பந்துக்கு வழிவிட எதிராளி நாணயத்தை நகர்த்தினாலும் திருப்பிக்கொள்வார். "நாம கேட்டுத்தானே நகத்தினாங்க" என்பது அவர் வாதம். ஆட்டக்காரிகள் வட்டாரம் முழுக்க இது பிரசித்தம். இளசுகள், "அக்கா வாட்ச் உள்ள போயிருச்சு, எல்லாரும் அடுப்பைப் பாருங்க" என்று கிண்டல் செய்வார்கள்.

அக்காவுக்கு இப்போது நாற்பத்தாறு. வலது முழங்கால் படியேறும்போது சத்தம் போடுகிறது. பெரிய போட்டியில் நேராக நுழையும் உரிமை அவருக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. இனி தகுதிச் சுற்றுகளில் முட்டிமோதித்தான் உள்ளே வரவேண்டும், முழங்கால் அதற்குச் சம்மதிக்காது. அன்றைக்குப் பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அக்கா அதைச் சாதாரணமாகச் சொன்னார். "இதான் கடைசி. சும்மா கட்டுரை எழுதறதுக்குப் பதிலா ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று அனுமதிச் சீட்டு ஒன்றை நீட்டினார்.

போனேன். கோல்ஃப் பற்றி நான் அடித்த அத்தனை ஜோக்கையும் முதல் நாளே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பந்து ஒரு மணல் பள்ளத்துக்குள் பாதி புதைந்து கிடந்தது. குழி அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. அக்கா மேட்டின் மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "அந்தப் பழுத்த இலை தெரியுதா?" என்றார் நாத்தனாரிடம். "தெரியுது அண்ணி, அதுக்கு ஒரு ஜாண் இந்தப் பக்கம்" என்றார் நாத்தனார். மணல் ஒரு பிடி எழும்பியது. பந்து எங்கள் தலைக்கு மேல் சோம்பலாக ஏறி, இலைக்கு ஒரு ஜாண் இந்தப் பக்கம் விழுந்து, குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐந்தாம் மாடியில் பால் காய்ச்சுகிற பெண்மணியா இது என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு நாளும் அப்படித்தான் இருந்தது. பெயர் தெரியாத மனிதர்களின் தோளை எல்லாம் பிடித்து உலுக்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் குழி. பட்டியலின் மேலே இரண்டே பேர், இருவரும் சமம். ஒருத்தி அக்கா. இன்னொருத்தி இருபது வயதுப் பெண், தொப்பிக்குப் பின்னால் ஆடும் கூந்தலால் எல்லோருக்கும் அவள் குதிரைவால். அவள் நாணயம் குழியிலிருந்து ஆள் உயரத் தூரத்தில் இருந்தது. அக்காவின் பந்து அதற்குப் பின்னால், வெகுதொலைவில், அதே நேர்கோட்டில்.

"கண்ணு, காசைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக்கறியா?" என்றார் அக்கா.

குதிரைவால் தூரத்து மரம் ஒன்றைக் குறி பார்த்து, மட்டைத் தலையை ஒட்டி வைத்து நாணயத்தை நகர்த்தினாள். அக்கா கடிகாரத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா தட்டிய பந்து உருண்டு, வளைந்து, குழியின் உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றுவிட்டது. ஐயோ என்று நான் சத்தமாகவே சொன்னேன். மிச்சத்தைத் தட்டி முடித்துவிட்டு அக்கா ஒதுங்கினார். இனி குதிரைவால் உள்ளே போட்டால் கோப்பை அவளுக்கு, தவறினால் இருவரும் மறுபடி ஆடவேண்டும். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. விடுவிடுவென்று வந்தாள். குனிந்தாள். நகர்த்திய நாணயத்துக்கு முன்னாலேயே பந்தை வைத்தாள்.

நாணயத்தை எடுத்துவிட்டு அவள் அங்கிருந்து அடித்தால் போதும். பந்து விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி, இரண்டு அடி தண்டம். அக்கா யாருக்கும் எந்தத் துரோகமும் செய்யவேண்டாம், வாயை மூடிக்கொண்டு நின்றால் மட்டும் போதும். ஃப்ரிட்ஜின் மேல் இருக்கும் காலி இடம் நிறைந்துவிடும். கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நாத்தனாரும் பார்த்துவிட்டார். அவர் குதிரைவாலைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தார். அவர் தலை ஆடுகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு லேசாக அசைந்தது. வேண்டாம் அண்ணி.

குதிரைவாலின் விரல்கள் நாணயத்தைத் தொட்டன.

அக்கா இடது கையை முகத்துக்கு நேரே உயர்த்தினார். அந்த வெளுத்த கையை, கடிகாரம் உள்பக்கம் இருக்கிற மணிக்கட்டு அவளுக்குத் தெரியும்படி, சும்மா காட்டிக்கொண்டு நின்றார்.

குதிரைவால் நிமிர்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், நாணயத்தைப் பார்த்தாள். பந்தை எடுத்துக்கொண்டு, அந்த மரத்தை மறுபடி குறி பார்த்து, நாணயத்தைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். பந்தை அங்கே வைத்து, மூச்சை இழுத்துவிட்டு அடித்தாள். பந்து நேராக உள்ளே போய் விழுந்தது.

கூட்டம் கயிற்றைத் தாண்டி ஓடியது. அக்கா தொப்பியைக் கழற்றி, அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கோப்பை வரும் வழியிலிருந்து விலகித் தன் பையிருக்கும் இடத்துக்கு நடந்தார். முழங்கால் லேசாக இழுத்தது. எல்லாம் முடிந்தும் கடிகாரம் உள்பக்கமே இருந்தது.

நாத்தனார் பையைத் தோளில் மாட்டியபடி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பையைக் கீழே இறக்கினார். அண்ணியின் இடது கையை எடுத்து, கடிகாரத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பிவிட்டார்.