சாய்ஸில் விட்ட பாடம்

சரித்திர வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் கி.மு. அது அவருக்கும் தெரியும். "டேய், கி.மு. வருதுடா" என்று யாராவது குசுகுசுத்தால், உள்ளே வந்ததும், "கி.மு. வந்தாச்சு, கி.பி.ங்க எல்லாம் உக்காருங்க" என்பார். யார் மனசும் நோகப் பேசத் தெரியாத மனுஷன். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கவும் தெரியாது. இந்த இரண்டாவது குணத்தை நம்பித்தான் அந்தப் பள்ளிக்கூடமே அவர் தலையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தது.

முழுப் பரீட்சை நெருங்கிவிட்டால் போதும், ஆசிரியர் அறையில் அவர் மேஜைக்கு எதிரே கணக்கு டீச்சர் வந்து நிற்பார். "சார், உங்க பீரியடு ஒண்ணு குடுங்களேன். பசங்க இன்னும் வட்டத்துலயே சுத்திக்கிட்டிருக்காங்க." ஒன்று என்று வாங்குவது அந்த வாரம் முழுக்க ஆகும், அப்புறம் மாதம் முழுக்க ஆகும். சரித்திரத்தில் பல ராஜ்யங்கள் கை மாறியதும் இப்படித்தான் என்று அவரே கேலியாகச் சொல்வார். சொல்லிக்கொண்டே கொடுத்தும் விடுவார்.

ஆகவே பத்தாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தின் கடைசிப் பாடம் அங்கே ஒரு வருஷமும் நடந்ததில்லை. பாடத்தின் பெயர் 'எல்லைப்புற மக்கள்'. மொத்தமே இரண்டரைப் பக்கம். நடுவில் ஒரு படம், அதில் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடு மேய்க்கிறான். பரீட்சையில் அதிலிருந்து ஒரு கேள்வி வரும், அதுவும் 'அல்லது' போட்டு வரும். அந்த 'அல்லது'வை நம்பி, "கடைசிப் பாடத்தை சாய்ஸ்ல விட்டுடுங்க" என்று அவரே தன் வாயால் பிள்ளைகளுக்குச் சொல்லுவார். அவர்களும் சந்தோஷமாக விட்டுவிடுவார்கள்.

சொல்லிவிட்டு வெளியே வரும்போது ஒவ்வொரு வருஷமும் அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். ஏனென்றால் அந்த இரண்டரைப் பக்கத்து ஜனங்களில் ஒருத்தர்தான் அவர்.

பள்ளிக்கூடத்தில் இது யாருக்கும் தெரியாது. காலேஜில் சேர நகரத்துக்கு வந்த புதிதில் அவர் வாயைத் திறந்தாலே விடுதிப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரோஷக்காரப் பிள்ளை. ஒரே வருஷத்தில் நகரத்துப் பேச்சைக் கரைத்துக் குடித்துவிட்டார். இன்றைக்கு நகரத்திலேயே பிறந்தவர்கள் கூட அவ்வளவு சுத்தமாகப் பேசுவதில்லை. ஊர்ப் பாஷையில் பேச அம்மா ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். அம்மா போனாள், அதோடு அதுவும் போயிற்று. சொந்தபந்தம் என்று இருந்தவர்களும் பிழைப்பைத் தேடி ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

ஒருநாள் காலையில் டீயை வைத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "நேத்தும் தூக்கத்துல என்னமோ உளறினீங்க. ஒரு எழுத்து புரியல எனக்கு."

அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். "என்ன சொன்னேன்?"

"எனக்கென்ன தெரியும்? யாரையோ திட்டற மாதிரி இருந்துது."

"எப்படி இருந்துது? அந்தச் சத்தத்தை மட்டும் சொல்லிக் காட்டேன்."

"நல்லா இருக்கே கூத்து. உளறினது நீங்க, ஒப்பிக்கறது நானா?" என்றாள். ஆனாலும் பாவம் பார்த்து, நாக்கை மடித்து என்னமோ சொல்லிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பஸ்ஸில் போகும்போது, அந்த அரைகுறைச் சத்தத்தை வைத்துக்கொண்டு அது என்ன வார்த்தையாக இருக்கும் என்று அவர் துழாவிக்கொண்டே போனார். தூக்கத்தில் வருகிறது, முழித்தால் வரமாட்டேன் என்கிறது. அந்த ஏக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வாரமே ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒரு சேதி சொன்னார். அடுத்த வருஷம் புதுப் புத்தகம். சுமையைக் குறைக்கிறார்களாம். சரித்திரத்தில் கடைசிப் பாடம் போகிறது.

"எந்தப் பள்ளிக்கூடத்துலயும் யாரும் நடத்தறதில்லையாம். அதான் எடுத்துட்டாங்களாம்" என்றார்.

"நல்லதாப் போச்சு" என்றார் கணக்கு டீச்சர். அவர் மனசில் ஒன்றும் கிடையாது, சும்மா சொன்னதுதான். கி.மு.வும் எல்லோரோடும் சேர்ந்து தலையை ஆட்டினார். பிறகு குழாயடியில் போய் நின்று, சாக்பீஸ் தூள் போன பிறகும் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் முதலில், "ஒரு பாடம் குறைஞ்சா சந்தோஷந்தானே" என்றாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவையாவது நடத்தியிருக்கலாமே. யாரு உங்க கையைப் பிடிச்சாங்க?"

சுருக்கென்றது. யாரும் பிடிக்கவில்லை என்பதுதான் விஷயமே.

மறுநாள் கணக்கு டீச்சர் வழக்கம்போல வந்து நின்றார். "சார், இந்த வாரம் கடைசி பீரியடு..."

"இல்ல டீச்சர். அது எனக்கு வேணும். கடைசிப் பாடம் நடத்தணும்."

டீச்சருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. மேஜை பேசியிருந்தால் கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டார். விஷயம் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனது. இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள்.

"சார், கணக்குல ரிசல்ட் கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது? அடுத்த வருஷம் இல்லாமப் போற பாடத்தை இப்ப நடத்தி என்ன ஆகப்போகுது?" என்றார் தலைமையாசிரியை.

"மேடம், நான் இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல" என்றார் கி.மு. "ஒரே ஒரு பீரியடு கேக்கறேன்."

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்து யோசித்தார். அவர் சொன்னது நிஜம்தான், ஒரு நாற்காலி மாற்றித் தரச் சொல்லிக் கூடக் கேட்டதில்லை. "சரி, எடுத்துக்கங்க" என்றார். வெளியே வந்ததும் கணக்கு டீச்சர் வாயைப் பிடுங்கிப் பார்த்தார். "அப்படி என்னதான் சார் இருக்கு அந்தப் பாடத்துல?" கி.மு. மென்று முழுங்கி, "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று நழுவிவிட்டார்.

கடைசி பீரியடு. வெயில் சாய்ந்து ஜன்னல் கம்பிகளின் நிழல் கரும்பலகையில் விழுந்திருந்தது. புத்தகத்தின் கடைசிப் பாடத்தை எடுக்கச் சொன்னதும் முதல் கேள்வி வந்துவிட்டது.

"பரீட்சைக்கு வருமா சார்?"

"வந்தாலும் சாய்ஸ்தான்."

பாதி பேர் பேனாவை மூடிவிட்டார்கள். ஒருத்தன் பெஞ்சுக்குக் கீழே கணக்கு நோட்டையே திறந்துவிட்டான். கி.மு. அதைக் காதிலும் கண்ணிலும் போட்டுக்கொள்ளவில்லை. புத்தகத்தைப் பார்த்து முதல் வரியைப் படித்தார்: "அவர்கள் நிலையான குடியிருப்பு இன்றி அலைந்து திரிந்தனர்."

படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"இது தப்பு" என்றார். "வீடெல்லாம் இருந்துது. நல்ல கல்லு வீடு. ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜா, அந்தப் பக்கம் ஒரு ராஜா. ரெண்டு பேருக்கும் வரி வேணும். இந்தப் பக்கத்து ஆளுங்க வசூலுக்கு வந்தா, ஊரே ஆட்டை ஓட்டிக்கிட்டு அந்தக் கரைக்குப் போயிடும். 'நாங்க அந்த ராஜாவோட குடிங்க, சாமி.' அவன் ஆளுங்க வந்தா இந்தக் கரை. ரொம்ப காலம் இப்படியே ஓட்டியாச்சு. ஒரு தடவை என்ன ஆச்சு தெரியுமா? ரெண்டு பக்கத்துக்காரனும் ஒரே நாள்ல வந்து நின்னுட்டான்."

கணக்கு நோட்டுக்காரன் தலையை நிமிர்த்தினான். "அப்புறம் சார்?"

"அப்புறம் என்ன? எங்க போறது? ஆத்துக்கு நடுவுல ஒரு மணல் திட்டு. குழந்தை குட்டி, ஆடு, சட்டி பானை எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு அதுல போய் ஏறியாச்சு. ரெண்டு கரையிலயும் குதிரைக்காரனுங்க. தண்ணிக்குள்ள இறங்கினா அடுத்தவன் எல்லையில கால் வெச்ச மாதிரி ஆயிடுமே, சண்டை வந்துடுமேன்னு ரெண்டு பேருக்கும் பயம். முறைச்சு முறைச்சுப் பாத்துட்டுக் கடைசியில திரும்பிப் போனானுங்க. அதைத்தான் புத்தகத்துல எழுதறவங்க அலைஞ்சு திரிஞ்சாங்கன்னு எழுதியிருக்காங்க. அவங்களா அலையலடா, அலைய விட்டாங்க. எங்க போய் ஒளியறதுன்னு தெரியாம அந்த மணல்ல ஒளிஞ்சோம்."

முன் பெஞ்சில் ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சார், ஒளிஞ்சோம்னா... யாரு சார்?"

சமாளித்திருக்கலாம். கதை சுவாரசியத்தில் வாய் தவறிவிட்டது என்று சிரித்திருக்கலாம். ஆனால் நெஞ்சில் பயத்தோடு வேறென்னமோவும் சேர்ந்து இடித்தது. அது சந்தோஷம் என்று அவருக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று.

"நாங்க" என்றார். "நான் அந்த ஊர்க்காரன்."

பிறகு கேட்கவேண்டுமா? எந்த மலை, எந்த ஆறு, குளிருமா, ஆடு வளர்த்தீர்களா என்று கேள்வி மேல் கேள்வி. ஊர்ப் பாஷை வேறே என்றதும் அந்தக் கணக்கு நோட்டுக்காரனே எழுந்து, "ஏதாவது பேசிக் காட்டுங்க சார்" என்றான். வகுப்பே ஆவலாகப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை, ஏதாவது ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். நாக்கு அசையவே இல்லை. "இன்னொரு நாள் சொல்றேன்" என்று முணுமுணுத்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றுமில்லாத பலகையை அழித்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்காரும் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறவள். வகுப்பில் வாயே திறக்காததால் 'ஊமைக்கோட்டான்' என்று மற்றவர்கள் பட்டம் கட்டியிருந்தார்கள். அவள் மேஜை அருகே வந்தாள். வெளியே யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

"சார், அது ஆடு இல்ல, கழுதை. எங்க அம்மா இந்தக் கதையைச் சொல்றப்போ கழுதைன்னுதான் சொல்லும்."

அவள் சொன்னது இவ்வளவுதான். ஆனால் சொன்னது நகரத்துப் பேச்சில் இல்லை.

அவருக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. கழுதைக்கு அந்தப் பாஷையில் இருக்கிற சொல்லை அவர் கடைசியாகக் கேட்டது அம்மாவின் வாயில். சாப்பிடக் கூப்பிட்டு வராமல் இருந்தால் அதைச் சொல்லித்தான் அம்மா கூப்பிடுவாள். நகரத்துக்குப் புறப்பட்ட அன்றைக்கு, பஸ் ஜன்னலில் கையை விட்டுக் கன்னத்தைத் தடவி அவள் சொன்னதும் அதே சொல்தான். பதில் சொல்ல அவர் என்னவெல்லாமோ முயன்று பார்த்தார். வந்ததெல்லாம் நகரத்துப் பேச்சுதான்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

அவள் முகம் வாடிவிட்டது. அவளும் நகரத்துப் பேச்சுக்கு மாறினாள். "புரியலையா சார்?"

"நல்லாப் புரிஞ்சுது" என்றார். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அந்தக் கழுதையை மட்டும் இன்னொரு தடவை சொல்லு."