பாய்லரைப் பார்த்துக்கொண்ட அண்ணி

மரம் அறுக்கும் மில்லில் அவளுக்கு ‘விசில் அண்ணி’ என்று பெயர். காலையில் நீராவி விசிலை இழுப்பது அவள்தான். கல்யாணமாகி வந்தபோது மரமும் தெரியாது, நீராவியும் தெரியாது. வீட்டின் பின்கதவைத் திறந்தால் மில். பாய்லரைக் கவனித்த மாமனாருக்கு டீ கொண்டுபோகிறவள் பாய்லர் பக்கத்திலேயே நின்றுவிடுவாள். அவர் காலமானபின், இனி பாய்லரை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. புருஷனுக்கு ரம்பத்தை விட்டால் வேறு உலகம் கிடையாது. கொழுந்தனுக்கோ வியாபாரம், வெளியலைச்சல். “அதான் நான் இருக்கேனே” என்றாள். பரீட்சை எழுதி லைசென்சும் வாங்கிவிட்டாள்.

“அண்ணி, உங்களுக்கு அண்ணனைவிட இந்த பாய்லர்மேலதான் பாசம்” என்பான் கொழுந்தன்.

“பின்னே? இது சூடானா சத்தம் போட்டுச் சொல்லுது. உங்க அண்ணன் சொல்றாரா?”

அந்த வீட்டில் எதற்கும் மரத்தூள்தான். எண்ணெய் சிந்தினால் தூள், பாத்திரம் தேய்க்கத் தூள், கதவு இடுக்கில் காற்று வந்தால் தூளைப் பசையில் குழைத்து ஒரு பூச்சு.

இந்த வருஷம் கொழுந்தன் கறாராகச் சொல்லிவிட்டான். “மோட்டார்னா சுவிட்சைப் போட்டா ஓடும். இது ஆவி பிடிக்கறதுக்குள்ள பாதிப் பொழுது போயிடுது. வருஷ சோதனைக்கு வர்ற பாய்லர் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டா இருக்கட்டும். இல்லேன்னா இதை எடைக்கு எடுக்கப் பழைய இரும்புக்காரர் லாரியோட வந்துடுவாரு.”

“உங்க மோட்டார் பலகையைக் காயவைக்குமா?” என்று கேட்டாள் அவள். ரம்பத்தை ஓட்டுகிற அதே நீராவிதான் பக்கத்து அறையில் பலகைகளையும் உலர்த்தியது. விறகு, அறுத்து மிஞ்சிய சிராய். ஆனாலும் அவன் சொன்ன பேச்சை மாற்றவில்லை.

சோதனைக்கு முந்தைய வாரம் பாய்லருக்குள் ஒரு குழாயின் முனை கசிந்துகொண்டிருந்தது. சோதனை நாளன்று பார்த்தால் கசிவைக் காணோம். சூட்டில் விரிந்து தானாக அடைத்துக்கொண்டதாக்கும் என்று நினைத்தாள். நம் நல்ல நேரம் என்றும் நினைத்தாள்.

இன்ஸ்பெக்டர் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கடைசியாக மேலே இருந்த வால்வைப் பார்க்க ஏணியில் ஏறினார். கீழே அவள், உள்ளிருக்கும் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். தண்ணீர் பாதி அளவில் நின்றது. சரிதான். ஆனால் மறுபடி பார்த்தாள். கொதிக்கிற பாய்லரின் கண்ணாடியில் தண்ணீர் ஒருபோதும் சும்மா இருக்காது, துடித்துக்கொண்டே இருக்கும். இது கோடு கிழித்ததுபோல நின்றது. கண்ணாடியின் அடித்திருகைத் திறந்தாள். சீறி வரவேண்டிய தண்ணீருக்குப் பதில் பழுப்பாய்க் கூழ் வழிந்தது.

கண்ணாடி பொய் சொல்கிறது. உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது; வற்றியிருந்தால் பாய்லர் வெடித்துவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் இறங்கி வந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். அவள் இரும்புக் கொக்கியை எடுத்து அடுப்பிலிருந்து தீயை வெளியே இழுத்தாள்.

“ஏய், என்ன பண்றே? முடியற நேரத்துல!” புருஷன் ஓடிவந்தான்.

“உள்ள என்ன போட்டீங்க?”

“ஒண்ணுமில்ல… கசிவு அடைக்கட்டுமேன்னு ரெண்டு பிடி தூள்.”

“ரெண்டு பிடியா?”

“ஒரு வாளி.”

இன்ஸ்பெக்டர் மடமடவென்று இறங்கி, பாய்லர் நடுவிலிருந்த திருகைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை, ஆவிதான் வந்தது; மட்டம் அதற்கும் கீழே போயிருந்தது. மிச்சத் தீயை இழுக்க அவரே இன்னொரு கொக்கியை எடுத்துக்கொண்டார். எல்லாம் ஆறியபின் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: “தகடு நல்லாத்தான் இருக்கு. குழாயெல்லாம் மாத்திட்டுக் கூப்பிடுங்க. இன்னிக்குக் கையெழுத்து கிடையாது.”

அவர் போனதும் கொழுந்தன் வாயைத் திறந்தான். “அப்ப இரும்புக்காரருக்கு…”

“வரச் சொல்லுங்க” என்றாள்.

புருஷன் திடுக்கிட்டுப் பார்த்தான்.

“பழைய குழாய் அத்தனையும் எடுத்துட்டுப் போகட்டும். பாய்லர் தேறாமப் போகல, குழாய்தான் போச்சு. போனதைத்தானே விக்கணும்?”

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிவிட்டு, பாய்லரின் அடிவாசலில் தோள்வரை கையை விட்டுக் கூழை வழித்துக்கொண்டிருந்தான்.

“உங்க அண்ணனும் இன்னிக்குச் சத்தம் போட்டுச் சொல்லிட்டாரு, வாளிக் கணக்கை” என்றாள் அவள்.

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு கறாராக இருப்பது கஷ்டம். லாரி வேண்டாம், கைவண்டி போதும் என்று இரும்புக்காரருக்குச் சொல்லி அனுப்பினான்.