ஞாயிற்றுக்கிழமைத் தண்ணி

அந்த ஞாயிற்றுக்கிழமை கைப்பேசிக்கு இந்தப் பக்கம், மலேசியத் தேயிலைத் தோட்டத்தில், என் அக்கா இருந்தாள், அக்காவின் கணவரான மாமா இருந்தார், நான் இருந்தேன். அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பிள்ளைகள் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா இருந்தார். அவர் மடியில் ஐந்து வயதுப் பையன் இருந்தான். அவனுடைய அக்கா, பத்து வயதுக்காரி, இல்லை.

"தலைவலின்னு படுத்திருக்கா" என்றார் அந்த அம்மா. போன வாரமும் தலைவலிதான்.

மாமாவுக்குத் தூரத்துச் சொந்தத்தில் தம்பி முறையான ஒருவரின் பிள்ளைகள் அவர்கள். தாய் முன்பே போய்விட்டாள். தகப்பன் குடித்தே செத்தான். அக்காவுக்கும் மாமாவுக்கும் பிள்ளையில்லை. இருவரையும் தத்தெடுக்க மனுப் போட்டு இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுத்து வேலை என்னுடையது. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலையும் பார்க்கிறேன்.

தொழிலாளர் வரிசையான எங்கள் லயத்து வீட்டில் ஜன்னலோரம்தான் சிக்னல் கிடைக்கும். மைலோ பானப்பொடி டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைப்போம். ஒருமுறை அக்கா கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரியைக் காட்ட, பையன் திரையை நக்கிவிட்டான். "இனிக்குதாடா?" என்று மாமா கேட்டார். "உப்பு" என்றான். பெரியவள் அன்று சிரித்தாள். ஸ்கேலைக் கையோடு சேர்த்துப் பிடித்து ஸ்வெட்டருக்கு அளவும் கொடுத்தாள். பிரிஞ்சாங் பசார் மாலாமில், இரவுச் சந்தையில், அக்கா அதைவிடப் பெரியதாகவே வாங்கினாள். "வர்றதுக்குள்ள வளந்துருவா லா."

வளரவும் செய்திருப்பாள். நாங்கள்தான் பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அம்மா என் ஆபீசுக்கு அழைத்தார். தத்தெடுப்பு அதிகாரி வந்து பெரியவளிடம் சம்மதம் கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அவள் வேண்டாம் என்றால் தம்பியும் வரமாட்டான். இருவரையும் பிரிக்க மாட்டார்கள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மாமா தெனமும் தண்ணி போடுவாராமே?"

"யார் சொன்னா?"

"உங்க அக்காவே சொன்னாங்களாம். வேல முடிஞ்சு வந்தா மொதல்ல தண்ணிதான், இல்லன்னா அவருக்குக் கை ஓடாதுன்னு."

சொல்லியிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். பையன் "பெரியப்பா எங்க?" என்று கேட்டதற்கு, "உள்ள தண்ணி சாப்பிடுறாரு" என்று தொடங்கி அக்கா சிரித்துக்கொண்டே சொன்னது அது. எங்கள் பக்கம் தேநீர், காப்பி, மைலோ எல்லாமே தண்ணிதான். யார் வீட்டுக்குப் போனாலும் "தண்ணி கலக்கட்டுமா?" என்றுதான் கேட்பார்கள். மாமா சாராயம் தொடாதவர். கொழுந்து லோரி ஓட்டும் அவரைக் கூட்டாளிகள் "மைலோ குடிகாரன்" என்று கேலி செய்வார்கள்.

வீட்டில் சொன்னேன். அக்கா ஸ்வெட்டரை எடுத்து மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்ததுதான். மாமா குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப என்னன்னு சொல்றது இத?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு பெரியவள் வந்தாள். நான் சொன்னதை அந்த அம்மா அவளிடம் விளக்கிச் சொல்லியிருந்தார். திரையின் ஓரத்தில் பாதி முகம் தெரிந்தது. மாமா குவளையைக் கேமரா பக்கம் சாய்த்தார்.

"பாரும்மா, மைலோ. வேற ஒண்ணும் இல்ல. பெரியம்மாவக் கேளு."

அவள் பார்த்தாள்.

"எங்கப்பாவும் டீ டம்ளர்லதான் குடிப்பாரு" என்றாள். பிறகு, "போன்ல வாசன வராது பெரியப்பா."

பையன் ஸ்ட்ராபெரி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றோம்.

அழைப்பு முடிந்ததும் மாமா சொன்னார்: "போய்ட்டு வந்துருவோம். புள்ள மோந்து பாக்கட்டும்."

அக்காவும் மாமாவும் மானேஜரிடம் சம்பளமில்லா லீவு கேட்டார்கள். நான் போகவில்லை. மலையடிவாரத்துத் தாப்பா வரை போகும் வாடகைக் காரில் ஏற்றிவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் டின்னில் கைப்பேசியைச் சாய்த்துவைத்துத் தனியாக உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம்.

இல்லத்துச் சமையலறையில் மாமா மைலோ கலக்கினார். பாதி குடித்துவிட்டுக் குவளையை நீட்டினார். பெரியவள் முகர்ந்து பார்த்தாள். பிறகு கிட்டே போய், நுனிக்காலில் நின்று, அவர் வாயை முகர்ந்தாள். மாமா மூச்சை விட்டார். அவள் மீண்டும் முகர்ந்தாள். மீதியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தாள். கை சரியாக இருந்தது.

அதிகாரி மறுபடி வந்தபோது சரி என்றாளாம். அவர்களை அழைத்துவரும் தேதி இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்.

திரும்பி வந்த அன்று மாமா கேட்டார்: "அந்த ஒரு தண்ணிக்கு எல்லாம் சேத்து எவ்ளோடா ஆச்சு?"

டிக்கெட், விசா, கார், இழந்த சம்பளம், ஒரு டின் மைலோ. கூட்டிச் சொன்னேன். எங்கள் பணத்தில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.